பேச்சு நடக்குமா என்று கேட்பவர்களுக்கு

எல்லையில் ஏதாவது நடந்துவிட்டால் போதும், மறுநாள் காலையே சென்னையிலிருந்து போன் வந்துவிடும். "என்னய்யா, பேச்சு நடக்குமா நடக்காதா? ஒரு வரியில சொல்லு." செய்தி ஆசிரியர்கள் மாறினார்கள், பிரதமர்கள் மாறினார்கள், கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. தமிழ் நாளேடு ஒன்றின் தில்லி நிருபராக வெளியுறவு அமைச்சகத்தைப் பார்த்துக்கொண்ட காலம் முழுக்க இந்தியா–பாகிஸ்தான் பேச்சைப் பற்றி எழுதாத வருடம் எனக்குக் கிடையாது. நடந்தது என்று எழுதியது கொஞ்சம். தள்ளிப்போனது, ரத்தானது, முறிந்தது என்று எழுதியதுதான் அதிகம். ஓய்வுபெற்ற பிறகும் போன் வருகிறது. இப்போது கேட்பவர்கள் சொந்தக்காரர்கள்.

ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதுதான்: அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை வெளியே சொல்ல முடிகிற நிலைமை வருமா என்பதுதான் கேள்வி.

ஜனவரி 1ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியில் அன்று பனிமூட்டம், பாதிப் பேர் விடுப்பு, எழுத ஒன்றும் இருக்காது. எப்படியும் அமைச்சகத்திலிருந்து இரண்டு செய்திக்குறிப்புகள் வரும். முதலாவது, இரு நாடுகளும் தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டன என்பது. ஒருவர் நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பேநசீர் புட்டோவும் இருந்தபோது இஸ்லாமாபாதில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. 1992 முதல் ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் பட்டியல் கைமாறுகிறது. கார்கில் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, மும்பை வந்தது, புல்வாமா வந்தது. பட்டியல் ஒரு வருடமும் தவறவில்லை. 2025 ஜனவரி 1 அன்று கைமாறியது 34ஆவது பட்டியல். பட்டியலில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்பதில்லை.

இரண்டாவது குறிப்புதான் எனக்கு முக்கியம். ஒருவர் சிறையில் இருக்கும் மற்றவர் நாட்டுக் கைதிகள், மீனவர்கள் பெயர்ப்பட்டியல். 2008இல் போட்ட தூதரக உதவி ஒப்பந்தத்தின்படி ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை இது நடக்கும். 2025 மே மாதம் ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்த இரண்டு நாடுகள், அந்த ஜூலை 1 அன்றும் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொண்டன. சென்னையில் அதை ஒற்றைப் பத்தியில், உள்பக்கத்தில், சில சமயம் போடாமலே விட்டிருப்பார்கள். நம் ராமேஸ்வரத்து மீனவர் இலங்கையில் பிடிபட்டால் முதல் பக்கம். குஜராத்திலிருந்தும் தியூவிலிருந்தும் கிளம்பி எல்லையிலுள்ள சர் கிரீக் பக்கம் போய்ப் பிடிபடுபவர் நமக்குச் செய்தியாகவே படுவதில்லை. இரண்டு கடலிலும் நடப்பது ஒன்றுதான்: மீன் போகிற பக்கம் படகு போகிறது.

அப்படிப் பிடிபட்டு விடுதலையானவர்களை எல்லை வாசலான அட்டாரியில் ஒரு முறை பார்த்தேன். கராச்சியின் மாலிர் சிறையிலிருந்து லாகூருக்கு ரயில், அங்கிருந்து வாகாவுக்குப் பேருந்து, பிறகு கால்நடையாக வாசலைக் கடந்து வருகிறார்கள். ஆளுக்கொரு பை, அதில் ஒரு துண்டு, ஒரு ஜோடி உடை. நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிட்டவர்களைப் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் குஜராத் மீன்வளத் துறை ஊழியரிடம் விடாமல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்கிறார் என்று விசாரித்தேன். படகு எப்போது வரும் என்று கேட்கிறாராம். படகு கராச்சியில் நிற்கிறது. ஆளை விடுவதற்கு நடைமுறை உண்டு, படகை விடுவது அபூர்வம். அவரைப் பொறுத்தவரை பேச்சுவார்த்தை என்றால் அந்தப் படகுதான். காஷ்மீரைப் பற்றி இரண்டு தலைநகரங்களிலும் எழுதிக் குவிக்கும் நாங்கள் யாரும் அவரை மனதில் வைத்து எழுதியதில்லை.

இன்னொரு ஓயாத பேச்சு ராணுவத்தினுடையது. 1971 போருக்குப் பிறகு இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கும் இடையே நேரடித் தொலைபேசி இருக்கிறது. டி.ஜி.எம்.ஓ. என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது அவர்களைத்தான். செவ்வாய்க்கிழமைதோறும் அவர்களது அலுவலர்கள் அதில் பேசிக்கொள்வது வழக்கம். 2025 மே 10 அன்று பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் டி.ஜி.எம்.ஓ. அழைத்ததும், மாலை 5 மணி முதல் சண்டையை நிறுத்துவது என்று முடிவானதும் இந்த வழியில்தான் என்று வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி அறிவித்தார். அவர் மைக் முன்னால் வருவதற்குள் அமெரிக்க அதிபர் டிரம்ப் தன் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டார் என்பது வேறு கதை. வேறு கதை என்று சொன்னாலும் சின்னக் கதை இல்லை. சண்டையை நிறுத்தியது யார் என்ற தகராறு சண்டையைவிட நீண்ட நாள் ஓடியது.

சரி, பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் எது தடைபடுகிறது? மேடை போட்டு, கொடி வைத்து, கூட்டறிக்கையோடு நடக்கிற பேச்சு தடைபடுகிறது. அது ஏன் முறிகிறது என்பதை ஆக்ராவில் அருகிலிருந்து பார்த்தேன்.

2001 ஜூலை. கார்கிலை நடத்தியவர் என்று நாம் திட்டிய முஷாரப், வாஜ்பாய் அழைத்து வருகிறார். 14ஆம் தேதி தில்லியில் தான் பிறந்த தரியாகஞ்ச் வீட்டைப் போய்ப் பார்க்கிறார், மறுநாள் ஆக்ரா. ஊடக மையத்தில் இரு நாட்டு நிருபர்களும் ஒரே ஹாலில். முதல் நாள் மாலை தகவல் ஒலிபரப்பு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் எங்களிடம் என்னென்ன பேசப்பட்டது என்று சொன்னார். அதில் காஷ்மீர் என்ற பெயர் இல்லை. எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த லாகூர் நிருபர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போனார். பத்து நிமிடத்தில் ஹாலின் அந்தப் பாதி முழுக்கப் போனில் இருந்தது. மறுநாள் காலை முஷாரப் இந்தியப் பத்திரிகை ஆசிரியர்களோடு சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே காஷ்மீர்தான் பிரச்சினை என்று விளாசித் தள்ளினார். உள்ளே பேச்சு நடக்கும்போதே அந்த உரையாடல் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலின் எங்கள் பாதி இப்போது போனில்.

அதன்பிறகு வெளியுறவு அமைச்சர்கள் ஜஸ்வந்த் சிங்கும் அப்துல் சத்தாரும் எழுதிய வரைவு இங்கும் அங்கும் போய்வந்தது. இதோ கையெழுத்து, அதோ கையெழுத்து என்று மணிக்கொரு வதந்தி. முஷாரப் அஜ்மீர் தர்காவுக்குப் போவதாக இருந்தது. அது ரத்து என்றார்கள். வெளியூர்ப் பதிப்புக்குப் "பேச்சு நீடிக்கிறது" என்று கொடுத்தேன். நகரப் பதிப்பு முடிகிற நேரத்தில் முஷாரப் ஊருக்கே கிளம்பிக்கொண்டிருந்தார். வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் நிருபமா ராவ் நள்ளிரவு வாக்கில் வந்து, பயணம் தொடங்கியிருக்கிறது, கூட்டறிக்கை என்ற ஊர் மட்டும் வந்து சேரவில்லை என்ற பொருளில் ரத்தினச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேஜையில் இருந்த இரண்டு பேரும் முடிக்க நினைத்தார்கள் என்றே நான் இன்றும் நம்புகிறேன். முடித்தால் ஊரில் போய் என்ன சொல்வது என்பதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. வாஜ்பாய்க்குத் தன் அமைச்சரவை, முஷாரப்புக்குத் தன் ராணுவம். எல்லை கடந்த பயங்கரவாதம் என்ற சொல் இல்லாத அறிக்கையோடு இவர் தில்லி திரும்ப முடியாது. காஷ்மீர் முன்னால் இல்லாத அறிக்கையோடு அவர் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டிக்குத் திரும்ப முடியாது.

அதற்குப் பிறகு வந்த எல்லா முறிவும் எனக்கு இதே கணக்காகத்தான் தெரிந்தது. 2009 ஜூலையில் எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக்கில் மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் கிலானியும் வெளியிட்ட அறிக்கையில் பலுசிஸ்தான் நுழைந்தது. மன்மோகனுக்கு நாடாளுமன்றத்தில் விழுந்த அடியில் சொந்தக் கட்சியே தள்ளி நின்றுகொண்டது. 2015 ஜூலையில் ரஷ்யாவின் உஃபாவில் இரு வெளியுறவுச் செயலர்களும், நம் பக்கம் ஜெய்சங்கர், பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே அறிக்கையைப் படித்தார்கள். அதில் காஷ்மீர் இல்லை. நவாஸ் ஷெரீப் வீடு போய்ச் சேர்ந்த சில நாட்களில் அவரது ஆலோசகர் சர்தாஜ் அஜீஸ், காஷ்மீர் இல்லாமல் பேச்சே இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் நடக்கவிருந்த தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் சந்திப்பு போயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மோடி காபூலிலிருந்து வரும் வழியில் லாகூரில் இறங்கியபோது தில்லியில் பாதிப் பேருக்கு நம்பிக்கை துளிர்த்தது. ஜனவரி 2 விடியற்காலையில் பதான்கோட் விமானத் தளத் தாக்குதல்.

கைகுலுக்கலை நம்பி நான் ஒருபோதும் தலைப்புக் கொடுப்பதில்லை. 2002 ஜனவரியில் காத்மாண்டு சார்க் மாநாட்டில் முஷாரப் தன் உரையை முடித்துவிட்டு நேராக வாஜ்பாயிடம் நடந்துபோய்க் கை நீட்டினார். உலகமெல்லாம் அந்தப் படம் வந்தது. எல்லையில் எதிரெதிரே நின்ற லட்சக்கணக்கான துருப்புகள் அந்த அக்டோபர் வரை நகரவில்லை. அதேபோல 2025 செப்டம்பரில் துபாயில் நம் கிரிக்கெட் வீரர்கள் கை கொடுக்காமல் போனதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நம்மூர்த் தொலைக்காட்சிக்கு.

உண்மையிலேயே ஏதாவது நகர்ந்த காலங்களில் தில்லி நிருபர்களுக்கு வேலையே இல்லாதிருந்தது. 2003 நவம்பரில் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2004 ஜனவரி 6 அன்று இஸ்லாமாபாதில் வந்த கூட்டறிக்கையை வைத்து எட்டுத் தலைப்புகளில் பேச்சு தொடங்கியது. சியாச்சின், சர் கிரீக், வூலர் அணை, வர்த்தகம் என்று அந்த எட்டும் நாங்கள் பத்தி பத்தியாக எழுதியவை. பெரிய வேலை அங்கே நடக்கவில்லை. பிரதமர் மன்மோகனின் தூதராக இருந்த சதீந்தர் லாம்பாவும் முஷாரப்பின் ஆள் தாரிக் அஜீஸும் வெளிநாட்டு ஓட்டல் அறைகளில் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். எல்லையை மாற்றாமல், ஆனால் அதை மக்கள் கடந்து போகும்படி காஷ்மீரைத் தீர்ப்பது பற்றி வரைவு எழுதும் அளவுக்குப் போனார்கள். லாம்பா 2022இல் காலமானார். மறு ஆண்டு வெளியான அவரது நூலில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவரைத் தில்லி விருந்துகளில் பார்ப்போம். பஞ்சாபி சமையலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார், இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அந்த ரகசியப் பேச்சைக் கெடுத்தது இந்தியாவோ காஷ்மீரோ இல்லை. 2007 மார்ச்சில் முஷாரப் தன் தலைமை நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கினார். வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள். கையெழுத்துப் போடும் தெம்பு அவருக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் மும்பை. பாகிஸ்தான் பஞ்சாபின் கா கிராமத்தில் பிறந்த மன்மோகன் சிங், பிரதமராக இருந்த பத்து வருடத்தில் அங்கே போகவே இல்லை.

2021 பிப்ரவரி 25ஆம் தேதிச் சம்பவமும் இதே ரகம். 370ஆவது பிரிவு போய், தூதர்கள் திரும்பிப் போய், வர்த்தகம் நின்றுபோன பிறகு, திடீரென்று ஒரு நாள் இரு டி.ஜி.எம்.ஓ.க்களும் சேர்ந்து சண்டை நிறுத்தத்தைக் கறாராகக் கடைப்பிடிப்போம் என்று கூட்டறிக்கை விட்டார்கள். எங்கள் வட்டத்தில் அதற்கு முந்தைய நாள் வரை ஒரு மூச்சு இல்லை. சில வாரம் கழித்து வாஷிங்டனில் உள்ள ஐக்கிய அரபு அமீரகத் தூதர், நடுவில் நாங்கள் இருந்தோம் என்று சொன்னார். மூன்றாவது ஆள் கூடாது என்பது 1972 சிம்லாவிலிருந்து நம் நிலைப்பாடு. ஆனால் தாஷ்கண்டில் சோவியத் இருந்தது, சிந்து நதியில் உலக வங்கி இருந்தது, கார்கிலின் கடைசியில் கிளின்டன் இருந்தார். மூன்றாவது ஆள் வாயைத் திறக்காதவரை தில்லிக்கு அவரால் தொந்தரவு இல்லை.

இப்படிப் பார்த்துப் பழகியவனுக்கு, பேச்சு வருமா என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆட்களின் உரை தேவைப்படாது. விசா வரிசை சொல்லும். பாகிஸ்தான் விசா நாட்டுக்குக் கொடுப்பதில்லை, ஊருக்குக் கொடுப்பது. லாகூர் என்று எழுதியிருந்தால் லாகூர்தான், போய் இறங்கியதும் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். நிருபர்களுக்கு இன்னும் இறுக்கம். இரண்டு நாடும் மற்றவர் தலைநகரில் தலா இரண்டு நிருபர்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நம் பக்கத்தில் தி இந்து, பி.டி.ஐ. 2014 மே மாதம் அந்த இரண்டு பேரையும் கிளம்பச் சொன்னார்கள். மோடி பதவியேற்புக்கு நவாஸ் ஷெரீப் வந்ததும் அதே மாதம்தான்! முதல் பக்கத்தில் கட்டியணைப்பு, உள்ளே விசா ரத்து. நான் உள்ளே இருப்பதைத்தான் நம்புவேன்.

மார்ச் 23, பாகிஸ்தான் தேசிய தினம், சாணக்கியபுரியில் தூதரக விருந்து. அரசு யாரை அனுப்புகிறது, அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்ப்போம். 2015இல் இணை அமைச்சர் வி.கே. சிங் வந்தார், கொஞ்ச நேரத்தில் போனார், அன்றிரவே கடமை, அருவருப்பு என்றெல்லாம் ட்வீட் போட்டுத் தள்ளினார். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு ஓடினோம். அந்த ட்வீட்டுகளை விளக்கி நாடே பேசியது. அரசு அவரை அனுப்பியது என்பதுதான் செய்தி என்று நான் எழுதினேன். சென்னையில் அந்தப் பத்தியை வெட்டிவிட்டார்கள்.

இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள், இந்தியா சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, அட்டாரியை மூடியது, தூதரக ஆட்பலத்தை 55இலிருந்து 30ஆகக் குறைத்தது. எழுத்தர், ஓட்டுநர் எல்லாரும் சேர்த்துத்தான் அந்த எண். அதற்கு முந்தைய வெட்டு 2020இல் 110இலிருந்து 55. பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது, நாமும் மூடினோம். 2019 ஆகஸ்டில் காலியான தூதர் நாற்காலி இரு பக்கமும் அதற்குப் பிறகு நிரப்பப்படவில்லை. பயங்கரவாதமும் பேச்சும் ஒன்றாகப் போகாது என்பது தில்லியின் நிலை. அதிலிருந்து எந்தக் கட்சி ஆட்சி செய்தாலும் இறங்கிவருவது லேசில்லை. வாக்காளர் இறங்க விடமாட்டார்.

ஆகவே பழைய எட்டுத் தலைப்புப் பேச்சு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காஷ்மீரைப் பற்றி ஒரு மேஜையில் உட்காருவது என் ஆயுளில் இருக்குமா என்பதே சந்தேகம். சின்னச் சின்னதாக வரும். வான்வெளி முதலில் திறக்கலாம், ஏனென்றால் அதில் இரண்டு பேருக்கும் பணம் போகிறது. 2019இல் பாலாகோட்டுக்குப் பிறகு மூடியது ஜூலையில் ஒரு நள்ளிரவில், விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு ஒன்றால், சத்தமில்லாமல் திறந்தது. யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. இந்த முறையும் திறந்தால் அப்படித்தான் திறக்கும். தூதர்கள் திரும்புவது அதற்குப் பின்னால். ராவல்பிண்டியில் எல்லாம் ஒரே கையில் குவிந்திருப்பதைச் சிலர் கெட்ட சகுனமாகச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தில்லி மிக நெருங்கிப் போனது ஒரு ஜெனரலோடுதான்.

ஆனால் மேஜை போட்டே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது தண்ணீர். காவிரியைப் பற்றி எழுதிப் பழகிய கை என்பதால் இதில் எனக்கு ஒரு தனிக் கவனம். 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். ராவி, பியாஸ், சட்லஜ் நமக்கு, சிந்து, ஜீலம், சீனாப் அவர்களுக்கு. மூன்று போரைத் தாங்கியது. சிந்து ஆணையர்கள் கடைசியாகக் கூடியது 2022 மே, தில்லியில். 2025 ஆகஸ்டில் ஜம்முவின் தாவி நதியில் வெள்ளம் பெருகியபோது, ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தும் இந்தியா எச்சரிக்கை அனுப்பியது. ஆணையர் வழியாக அனுப்பவில்லை, இஸ்லாமாபாதில் உள்ள நம் தூதரகம் வழியாக, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி அனுப்பியது. ஒப்பந்தத்தைப் படுக்க வைக்கலாம், ஆற்றைப் படுக்க வைக்க முடியாதே.

பஹல்காமுக்கு முன்பே, 2023 ஜனவரியிலும் 2024 ஆகஸ்டிலும், இந்த ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று பாகிஸ்தானுக்கு நோட்டீஸ் கொடுத்தது இந்தியாதான். மக்கள்தொகை மாறிவிட்டது, நீர்மின் தேவை மாறிவிட்டது, பழைய ஏற்பாடு செல்லாது என்பது நம் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. பாகிஸ்தானோ, நிறுத்திவைப்பதற்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை என்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. இதை எப்படித் தீர்ப்பது என்று யாராவது கேட்டால் 12ஆவது பிரிவைப் படிக்கச் சொல்கிறேன். ஒப்பந்தத்தைத் திருத்துவதானாலும் முடித்துக்கொள்வதானாலும் இரு அரசுகளும் சேர்ந்து போட்டு, முறைப்படி ஏற்புறுதி செய்த இன்னொரு ஒப்பந்தத்தால்தான் முடியும் என்று அதில் இருக்கிறது.